அஞ்சாம் நம்பருக்கு டிஸ்சார்ஜ்

மனஅழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று யாராவது எனக்கு வகுப்பெடுக்க வந்தால் அந்த இடத்திலேயே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். ஆனாலும் சனிக்கிழமைதோறும் போய்க்கொண்டிருந்தேன். போகாவிட்டால் அம்மா அழுவாள். அவள் அழுதால் அப்பா எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் முகம் கழுவுவார். இந்த இரண்டு சத்தத்தையும் ஒரே வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கு வகுப்பே தேவலை.

வகுப்பு நடந்தது ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில். 'புற்றுநோய் சிகிச்சை முடித்த இளைஞர்களுக்கான மனவலிமைப் பயிற்சி' என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய மெஷின்கள் போர்வைகளை அலசிப் பிழியும். இந்தப் பக்கம் எங்களை. சொல்லிக்கொடுக்க வந்தவர் மனநல ஆலோசகர், படிப்பு முடித்து முதல் வேலை. எதற்கெடுத்தாலும் "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்பார், அதனால் நாங்கள் வைத்த பெயர் பெருமூச்சு. பாவம், நல்ல மனுஷன். கவலைப்படாதீர்கள் என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே தன் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்திருந்தார்.

எங்களையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வார்டில் படுத்திருந்த காலத்தில் கட்டில் நம்பர்தான் பெயர். நர்சம்மா "ஏழு, கையை நீட்டு" என்றால் நான் நீட்டுவேன். பழகின தோஷம், வெளியே வந்தும் ஒட்டிக்கொண்டது. ரெண்டு என்பவள் என் வயசுக்காரி, கணக்குத் தணிக்கைக்குப் படிக்கிறாள், எழவு வீட்டிலும் சிரிக்கிற ரகம். பதினொண்ணு லாரி ஓட்டுகிறவர், எங்களைவிட நாலைந்து வயசு மூத்தவர். மருந்து நின்ற அன்றைக்கு அவருக்குப் பசிக்க ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. நாலாவது ஆள் அஞ்சு. அவன்தான் எங்களில் சின்னவன், பத்தொன்பது வயசு. அவன் வகுப்புக்கு ஒருநாளும் வந்தது கிடையாது. அவனுக்கென்று போட்ட நாற்காலியில் பதினொண்ணு தன் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொள்வார்.

முதல் நாள் பெருமூச்சு ஆளுக்கொரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். கவலை வரும்போது கையில் வைத்து நன்றாக அழுத்துங்கள் என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, நாங்கள் மூன்று பேரும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுப் பந்தை இறுக்கிப் பிடித்து, கையை அவர் முன்னால் நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டோம். இரண்டு வருஷமாக எங்கள் கையில் யாராவது பந்தைக் கொடுத்தால் அடுத்து வருவது ஊசிதான். பெருமூச்சு வரிசையாக நீண்டிருந்த மூன்று கைகளையும் பார்த்தபடி நின்றார். பதினொண்ணு முகத்தைத் திருப்பாமலேயே, "இடது கையில நரம்பு கிடைக்காது சார், வலதுல பாருங்க" என்றார். அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது.

அடுத்த வாரம் கண்ணை மூடி, மனசுக்கு நிம்மதி தருகிற ஓர் இடத்தை நினைக்கச் சொன்னார். கடற்கரை, மலை, தோட்டம், எதுவானாலும் சரியாம். கண்ணைத் திறந்ததும் ஒவ்வொருவரும் எங்கே போய்வந்தோம் என்று கேட்டார். மூன்று பேரும் சொல்லி வைத்தாற்போல ஒரே இடத்துக்குப் போயிருந்தோம். மூன்றாம் மாடி வார்டு. ரெண்டு மட்டும், தன் கட்டிலுக்கு ஜன்னலோரமாக இடம் மாற்றி வாங்கிக்கொண்டதாகச் சொன்னாள். பெருமூச்சு அதைக் குறித்துக்கொள்ளும்போது பென்சில் முனை ஒடிந்தது.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வார்டில் எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது: பிழைப்பது. அதை நான் ஒழுங்காகச் செய்தேன், எல்லாரும் கெட்டிக்காரி என்றார்கள். வெளியே வந்த பிறகுதான் வினை. உறவுக்காரர்கள் வந்து, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று சொல்லிவிட்டு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். சரி, தலை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. டாக்டர் மூன்று மாதத்துக்கு மேல் பேசவே மாட்டார். மூன்று மாதம் கழித்து வா, பார்க்கலாம் என்பார். பார்த்துவிட்டு இன்னொரு மூன்று மாதம் கொடுப்பார். அம்மாவும் அந்தக் கணக்குக்கே வந்துவிட்டாள். செருப்பு அறுந்துவிட்டது, புதுசு வாங்கலாமா என்று கேட்டால்கூட, "செக்கப் முடியட்டும்டி, பார்த்துக்கலாம்" என்பாள்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வட்டமாக வருகிற லென்ஸைத் தண்ணீர் சொட்டச் சுழலும் கல்லில் பிடித்து விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து ஃப்ரேமுக்கு அளவாகக் கொண்டுவர வேண்டும். நான் படுத்த பிறகும் முதலாளி என் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். இப்போது ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்: வருகிற திங்கட்கிழமை வந்தால் இடம் என்னுடையது, வராவிட்டால் வேறொரு பெண் காத்திருக்கிறாள், இதற்கு மேல் கடை தாங்காது. நியாயம்தான், குறை சொல்ல முடியாது.

மருந்து என் விரல் நுனிகளை மரத்துப்போக வைத்திருந்தது. லென்ஸ் தேய்ப்பதோ விரலால் பார்க்கிற வேலை. அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. கடைக்குப் போய், எல்லாம் நல்லபடியாக நடந்து, நானும் நாலு பேரைப்போலச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அது திரும்ப வந்துவிட்டால் என்ன செய்வேன்? படுத்திருக்கும்போது வந்தால் அவ்வளவு அடி விழாது. ஏற்கெனவே படுத்துத்தானே இருக்கிறேன்.

திங்களுக்கு முந்திய சனிக்கிழமை பெருமூச்சு வகுப்புக்கு வந்தபோது முகமே சரியில்லை. அஞ்சு தன் அறையை விட்டு ஆறு மாதமாக வெளியிலேயே வரவில்லையாம். அவனுடைய அம்மா போனில் அழுதாராம். ஏன் வரமாட்டேன் என்கிறான் என்று கேட்டதற்கு, "எனக்கு இன்னும் டிஸ்சார்ஜ் ஆகலை" என்கிறானாம். ரிப்போர்ட் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, டிஸ்சார்ஜ் ஆகி ஆறு மாதம் ஆகிறது, தனக்கு ஒன்றும் புரியவில்லை என்றார் பெருமூச்சு.

எங்களுக்குப் புரிந்துவிட்டது. ரெண்டு சிரிப்பதை நிறுத்தினாள்.

வேறு எந்த வீட்டிலும் கிளம்பும்போது 'போறேன்' என்று சொன்னால் திட்டு விழும். 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வார்டில் அது தலைகீழ். சிகிச்சை முடிந்து கிளம்புகிறவர் வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி 'போறேன்' என்று மட்டும் சொல்ல வேண்டும். படுத்திருப்பவர்கள் 'போ' என்று மட்டும் சொல்ல வேண்டும். வருகிற பேச்சே வாயில் வரக் கூடாது. யார் ஆரம்பித்து வைத்ததோ தெரியாது. டாக்டர்களுக்கு இது தெரியாது. நர்சம்மாக்களுக்குத் தெரியும், அவர்களும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். பார்க்க வந்த உறவுக்காரர் யாராவது எழுந்து நின்று "வரட்டுமா" என்று ஆரம்பித்தால் பதினொண்ணு தலையணையை உருவி எறிவார்.

அஞ்சு கிளம்பிய அன்று அவனுக்குப் புதுச் சட்டை போட்டிருந்தார்கள். நல்ல வளர்ப்பு வேறு. வாசலில் நின்று திரும்பி, எங்கள் எல்லாரையும் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றுவிட்டான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. எங்களில் யாருமே வாயைத் திறக்கவில்லை. லிஃப்ட் வந்தது, அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"வரேன்னு வாயால சொல்லிட்டான். அதனால எப்படியும் திரும்பக் கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கான் சார்" என்று பெருமூச்சுக்கு நான் விளக்கினேன். அவர் இரண்டு தடவை மூச்சை இழுத்து விட்டார். ரெண்டுதான் வழி சொன்னாள். மறுபடி வார்டில் சேர்த்து, முறைப்படி 'போறேன்' சொல்ல வைத்து அனுப்பினால் கதை முடிந்தது. ஆஸ்பத்திரியில் நல்லா இருக்கிறவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே வார்டை அவன் வீட்டுக்குக் கொண்டுபோவோம் என்றாள். இப்படி ஒரு சிகிச்சை புத்தகத்தில் இல்லையே என்று பெருமூச்சு இழுத்தார். எனக்கு வந்ததே கோபம். புத்தகம் எழுதினவர் எந்தக் கட்டிலில் படுத்திருந்தார் என்று கேட்டேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுபோல அந்த மனுஷனுக்கு மேலிடத்தில் ஒரு பாட்டு, கீழே எங்களிடம் ஒரு பாட்டு. சரி என்று அன்றைக்கே எங்களோடு கிளம்பிவிட்டார்.

இதில் என் சொந்த லாபமும் இருந்தது. அஞ்சைப் பற்றிக் கவலைப்படுகிற நேரம் திங்கட்கிழமையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அஞ்சின் வீடு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல் மாடி. அவனுடைய அம்மா பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. அறைக் கதவில் 'பார்வையாளர் நேரம் நான்கு முதல் ஆறு' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. கட்டிலின் தலைப்பக்கம் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார். கைகழுவும் மருந்து, காய்ச்சல் பார்க்கிற கருவி, கூப்பிட ஒரு மணி, எல்லாம் இருந்தன. கட்டிலில் இருந்தவன்தான் நோயாளி மாதிரி இல்லை. கன்னம் உப்பி, தலை நிறைய முடி வளர்ந்து, பார்க்கக் கண்ணுக்கு லட்சணமாக இருந்தான்.

விஷயத்தைச் சொன்னோம். அஞ்சு கவனமாகக் கேட்டான். பிறகு ஒரு குறையைக் கண்டுபிடித்தான்.

"ஒத்தைக் கட்டிலை வச்சுக்கிட்டு வார்டுன்னு சொன்னா எப்படி ஏழக்கா? நான் அங்கேருந்துதானே அப்படிச் சொன்னேன். இங்கேருந்து மாத்திச் சொன்னா செல்லுமா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கேள்வியை வேறு யார் கேட்டிருந்தாலும் சிரித்திருப்போம். நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். கடைசியில் கூடத்தில் இருந்த சோபாவை, மேஜையை எல்லாம் ஓரம் கட்டி, அக்கம்பக்கத்து வீடுகளில் மெத்தை இரவல் வாங்கி வரிசையாகப் போட்டோம். அஞ்சின் கட்டிலை அவனோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்தோம். அறையை விட்டு வெளியே வந்துவிட்டானே என்று அவன் அம்மா கண் கலங்கினார். கட்டிலோடு வந்தால் அது கணக்கில் சேராது என்று அவன் அங்கேயே சொல்லிவிட்டான். அவரவர் நம்பரைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி, வார்டில் இருந்த அதே வரிசையில் இடம் பிடித்தோம். நான் ஏழின் கீழே போய்ப் படுத்தேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. சும்மா ஓர் ஒத்திகைக்காகப் படுத்தவள்தான். தலையணையில் தலை பட்டதும் வெளியே வந்த நாளிலிருந்து தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது ஏதோ இறங்கிப் போனது. மேலே ஒரு மின்விசிறி, பக்கத்தில் ரெண்டின் இருமல், கையெட்டும் தூரத்தில் தண்ணீர். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் தீர்மானிக்க வேண்டியதில்லை. யாராவது வந்து சொல்வார்கள். பதினொண்ணு அதற்குள் குறட்டை விட ஆரம்பித்திருந்தார். ரெண்டு மெதுவாக, "அம்மா, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்று கேட்டாள். அஞ்சின் அம்மா ஓடினார். வந்ததும் எல்லாருக்கும் காய்ச்சல் பார்த்தார்.

டாக்டர் இல்லாமல் டிஸ்சார்ஜ் ஏது? பெருமூச்சுக்கு டீச்சருடைய ஆய்வுக்கூட வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டோம். அமிலம் பட்டு அங்கங்கே ஓட்டை. அவர் ரவுண்ட்ஸ் வந்து, முதலில் அஞ்சிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்று அவன் சொல்ல வேண்டும், அதுதான் ஏற்பாடு. அவன் முதுகு வலிக்கிறது என்றான். சரி, போகட்டும் என்று என்னிடம் வந்தார். நான் விளையாட்டுக்குத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. விரல் மரத்திருப்பதைச் சொன்னேன். காலையில் எழுந்ததும் கழுத்தைத் தடவித் தடவிக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதைச் சொன்னேன். யாராவது 'அடுத்த வருஷம்' என்றால் காது அடைத்துப்போவதைச் சொன்னேன். உண்மையான டாக்டரிடம் ஒருநாளும் சொல்லாததையெல்லாம் அந்த ஓட்டைக் கோட்டிடம் சொன்னேன். ரெண்டு அவள் பங்குக்குச் சொன்னாள். பதினொண்ணு எழுந்து உட்கார்ந்து, லாரியில் ஏறினால் கை நடுங்குகிறது, அதனால்தான் வண்டியை விற்கப்போவதாக வீட்டில் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

பெருமூச்சு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பதினொண்ணின் காலடியில் உட்கார்ந்தார். இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தனக்குத் தூக்கமே இல்லை என்றார். டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இன்னொரு மெத்தையைக் கொண்டுவந்து போட்டுச் சுவரில் பன்னிரண்டு என்று எழுதி ஒட்டினார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். ஒருத்தனை டிஸ்சார்ஜ் செய்யப் போன நாலு பேரும் அட்மிட் ஆகிவிட்டோம். அன்று யாரும் வீட்டுக்குப் போகவில்லை, போனில் சொல்லிவிட்டோம்.

மறுநாள் ஞாயிறு, பார்வையாளர் நேரத்துக்கு என் அம்மா வந்தாள். கையில் ஆரஞ்சுப் பழப் பை. அவளைத் திட்டத் தயாராக இருந்தேன், ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் திட்டு வரவில்லை. நான் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னோடு என்ன பேசுவது என்று தெரியாமல் கதவுக்குக் கதவு நின்றவள், இங்கே வந்ததும் பழைய அம்மாவாகிவிட்டாள். என் மெத்தை ஓரத்தில் கால் மடக்கி உட்கார்ந்தாள். ஆரஞ்சை உரித்து நாரெடுத்துச் சுளை சுளையாகக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி மகனோடு சண்டை போட்டதை நடித்துக் காட்டினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருப்பது எரிச்சலாகவும் இருந்தது.

பிறகு, போர்வையைச் சரி செய்கிற சாக்கில் குனிந்து, "கடைக்கு வேணும்னா நான் போன் பண்ணிச் சொல்லிடட்டுமா? இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு?" என்று கேட்டாள்.

இன்னும் கொஞ்ச நாள் என்றால் அந்த இடம் போய்விடும், அது அவளுக்கும் தெரியும். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் ஆரஞ்சு இருந்தது. சரி என்று தலையை ஆட்டினேன். அவள் பையிலிருந்து போனை எடுத்து முதலாளியின் நம்பரைத் தேட ஆரம்பித்தாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"ஏழக்கா" என்று அஞ்சின் குரல் கேட்டது. அவன் காலையிலிருந்தே சரியில்லை. பதினொண்ணின் குறட்டையில் இரவு முழுக்கத் தூங்கவில்லை. மணியை அடித்து அடித்துப் பார்த்தும் அவன் அம்மா திரும்பவில்லை. அவர் பதினொண்ணுக்கு மூன்றாவது தடவையாக சூப் ஊற்றிக்கொண்டிருந்தார். "நீ கிளம்பும்போது என்ன சொன்ன?" என்று என்னைக் கேட்டான்.

"போறேன்னுதான் சொன்னேன்."

"சரியாத்தானே சொல்லியிருக்க? அப்புறம் எதுக்கு இங்க வந்து படுத்திருக்க?"

பதினொண்ணு சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"தம்பி, நானும் சரியாத்தான் சொன்னேன். மாடி முழுக்கக் கேக்குற மாதிரி சொன்னேன். இருந்தும் தினம் பயமாத்தான்டா இருக்கு."

"நான் ரெண்டு தடவை சொன்னேன்" என்றாள் ரெண்டு. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், சொல்லிவிட்டுப் போர்வை முனையால் கண்ணைத் துடைத்தாள்.

அஞ்சு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். "அப்போ சரியாச் சொன்னவங்களுக்கும் இதே கதிதானா?"

இதே கதிதான் என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. ஊசி தவறிப்போய் நாலு இடத்தில் குத்தினபோதுகூட நன்றி சொன்ன பிள்ளை. போர்வையை உதறிக் கீழே போட்டான். "அப்போ ஆறு மாசமா நான் என்ன எழவுக்குப் படுத்திருக்கேன்?" என்றபடி கட்டிலை விட்டு இறங்கினான். செங்கல் ஒன்று புரண்டு விழுந்தது. நேராக என் அம்மாவிடம் போய், "அந்தப் போனை உள்ள வைங்க ஆன்ட்டி. ஏழக்காவுக்கு ஒண்ணும் இல்லை" என்றான். என் அம்மா பயந்து போனைப் பையில் போட்டுக்கொண்டாள். ரெண்டின் தலையணையைப் பிடுங்கினான். பெருமூச்சை உலுக்கி எழுப்பி, "சார், நீங்க படிச்சவர்தானே" என்றான். அவனுடைய அம்மாவின் கையிலிருந்த சூப் பாத்திரத்தை வாங்கி அடுப்படியில் கொண்டுபோய் வைத்தான். எல்லாரும் கிளம்புங்கள், வார்டு மூடியாகிவிட்டது என்றான்.

பதினொண்ணு மட்டும் எழுந்திருக்க மனமில்லாமல் சாக்குச் சொன்னார். அஞ்சு அவருடைய சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து விறுவிறுவென்று படியிறங்கிவிட்டான். பை போன வழியில் பதினொண்ணு போனார். அவர் பின்னால் நாங்கள் எல்லாரும் போனோம். மூன்று மாடியும் இறங்கித் தெருவுக்கு வந்து, நடைபாதையில் பையை வைத்துவிட்டு, இனிமேல் இந்த வீட்டுப் பக்கம் மெத்தை கேட்டுக்கொண்டு யாராவது வந்தால் பார் என்று அஞ்சு எங்களைத் திட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா படிக்கட்டின் கடைசிப் படியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு சைக்கிள்காரர் மணியடித்து வழி கேட்டபோது ஒதுங்கி நின்றான், திரும்பிப் பார்த்தான், "இங்க ஒரு முடிவெட்டுற கடை இருந்துச்சே, எப்போ எடுத்தாங்க?" என்றான். பிறகு மூலை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாக நடந்தான்.

பெருமூச்சு கோட்டுப் பைகளில் பென்சிலைத் தேடினார். இது முன்னேற்றம் என்று நினைக்கிறேன் என்றார். இதில் தன் பங்கு என்ன என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை காலை நான் கடைக்குப் போனேன். தைரியம் வந்து போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். படுத்தால் இடம் கிடைக்கும் என்றிருந்த ஒரே வார்டையும் ஒரு பொடியன் மூடிவிட்டான், வேறு போக்கிடம் இல்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்த கை வியர்த்தது. பெருமூச்சு சொன்னபடி மூச்சை இழுத்து விட்டேன். முன்னால் நின்றவர் என்ன அவசரம் என்று திரும்பி முறைத்தார்.

கடையில் எனக்கு ராஜ மரியாதை. கவுன்ட்டரில் நிற்கிற அக்கா என் நாற்காலியில் மெத்தை தைத்துப் போட்டிருந்தாள். ஃப்ரேம் பொருத்துகிற அண்ணன், விசிறி நேராக மேலே அடித்தால் சளி பிடிக்கும் என்று அதைத் திருப்பி வைத்தார். கல் பக்கமே போக வேண்டாம், சும்மா ஃப்ரேம்களைத் துடைத்துக்கொண்டிரு போதும் என்றார்கள். துடைத்த ஃப்ரேமையே மறுபடி துடைத்தேன். மஞ்சள் துணியும் கையுமாக அந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு விளங்கிப்போனது. இதுவும் வார்டுதான். இங்கேயும் கட்டில் போட்டுவிட்டார்கள். இப்படியே விட்டால் இந்த மாதம் முழுக்கத் துடைப்பேன், பிறகு நல்லபடியாகப் பேசி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

யாரும் பார்க்காத நேரத்தில் தட்டிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு கல்லடிக்குப் போனேன். தடிமனான லென்ஸ், பவர் அதிகம், விலையும் அதிகம். தண்ணீரைத் திறந்து கல்லை ஓடவிட்டேன். லென்ஸ் கல்லில் பட்டது. பட்டதாகக் கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. எவ்வளவு அழுத்துகிறேன் என்று தெரியாமலே அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம். ஓரத்தில் பெரிய சில்லு பெயர்ந்து விழுந்தது.

கடையில் எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள். அண்ணன் வந்து லென்ஸைப் பார்த்துவிட்டு, என் காதருகே, "நான் பண்ணினேன்னு சொல்லிடறேன், நீ போய் உக்காரும்மா" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஒரு நிமிஷம் அந்த நாற்காலியைப் பார்த்தேன், ஆசையாகத்தான் இருந்தது. அதற்குள் முதலாளி வந்துவிட்டார். கையை நீட்டினார். விரல் மரத்திருக்கிறது, நான்தான் உடைத்தேன் என்று சொல்லி லென்ஸை அவர் கையில் வைத்தேன்.

அவர் நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, லென்ஸை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'பரவாயில்லைம்மா' என்று மட்டும் இந்த மனுஷன் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் நான் முடிந்தேன். அவரும் என்னைப் பாவம் என்றுவிட்டால் அந்தக் கதவு வழியாக வெளியே போய் எங்கே படுப்பது என்று எனக்குத் தெரியாது.

"இதுக்குப் பேரு விளிம்பா?" என்றார் முதலாளி. "எலி கடிச்ச பிஸ்கட் மாதிரி இருக்கு. விரல் மரத்துப்போனா காது எங்க போச்சு? கல்லு சத்தம் மாறுறது கேக்கலை உனக்கு? யாரைக் கேட்டு இவ்வளவு அழுத்துன? இதே மாதிரி தேய்ச்சுக்கிட்டு இருந்தா, இன்னும் பத்து வருஷம் ஆனாலும் உன்னை நம்பி ஒரு லென்ஸைக் கையில கொடுக்க முடியாது."

"எத்தனை வருஷம் சார்?"

மூன்று மாதத்துக்கு மேல் யாரும் எனக்குக் கணக்குச் சொன்னதில்லை, கேட்காமல் இருக்க முடியவில்லை. கவுன்ட்டர் அக்கா எனக்குச் சைகை காட்டினாள், வாயை மூடு என்று. முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன, எகத்தாளமா? பத்து வருஷம். ஏன், நீ தேய்க்கிற லட்சணத்துக்குப் பதினஞ்சுன்னே வச்சுக்கோ."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிற்கவே இல்லை. அக்கா ஓடிவந்து என் தோளைப் பிடித்து, அவர் வாய் அப்படித்தான், மனசில் வைத்துக்கொள்ளாதே, அழாதே என்றாள். அண்ணன் முதலாளியைப் பார்த்து, வந்த முதல் நாளே இப்படியா சார் என்று முணுமுணுத்தார். அவரைப் பேசவிடுங்கள் என்று சொல்லத்தான் பார்த்தேன், விம்மலில் சொல் வரவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார், லென்ஸைப் பார்த்தார், அழுகிறவள் ஓரமாகப் போய் அழு, கல்லில் கண்ணீர் பட்டால் அதையும் நான்தான் துடைக்க வேண்டும் என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு தட்டிலிருந்து அடுத்த லென்ஸை எடுத்தேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, சத்தத்தைக் கேள், சத்தத்தைக் கேள் என்று கத்திக்கொண்டே இருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் எங்களை விடவில்லை.